டிரசர் கார்த்திகேசுவும் ஆத்தங்கரைத் தோட்டத்து ரத்தமும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோயில் நிர்வாகத் தலைவரும் நம்மை வேலை வாங்கும் மண்டோருமான தங்கராஜு அவர்களே! கோலாலம்பூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் ரமணி அம்மா அவர்களே! முப்பத்தோரு நாளுக்கு முன் கணவர் கார்த்திகேசுவைப் பறிகொடுத்தும் இன்று நிமிர்ந்து உட்கார்ந்து நமக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும் திருமதி சரோஜினி அம்மாள் அவர்களே! மேல் லயத்து வரிசை வீட்டுச் சனங்களே, கீழ் லயத்துச் சனங்களே! தோட்டத்தை விட்டுப் போயும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் அமராவதி கை கூப்புகிறேன்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். எழுபத்தொன்பதாம் வருடம், தை மாதம், தன் மகன் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தவர் இவர். அப்பளம் தீர்ந்துபோன பந்தி. நான் மறக்கவில்லை. ஆகையால் இன்று எனக்கு வேண்டிய நேரத்தை நானே எடுத்துக்கொள்வேன். அவர் மணியடித்தாலும் என் காதில் விழாது.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் டிரசர் கார்த்திகேசு தெய்வம் என்றார்கள், தங்கம் என்றார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எனக்கு அப்படிப் பேச வராது. நடந்ததைச் சொல்வேன். நடந்ததைச் சொன்னாலே அவருக்குப் பெருமை போதும்.

அதற்கு முன் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, சர்க்கரை வியாதி என்கிற இனிப்புநீர் ஆராய்ச்சிக்காக நம் தோட்டத்தில் ஐந்தாவது வருடம் ரத்தம் எடுக்கிற நாள். டாக்டர் அம்மா இன்று மத்தியானம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நூற்றைம்பது பேராவது வந்தால்தான் ஆராய்ச்சி தொடருமாம். ஒரு ஆள் குறைந்தாலும் கோலாலம்பூரில் மூடிவிடுவார்களாம். தேடிப் பிடித்துக் கூட்டி வர இத்தனை வருடமும் கார்த்திகேசு இருந்தார். இனி யார் இருக்கிறார்கள்? இதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

இங்கே வந்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சனம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நமக்கு டாக்டரும் டிரசர்தான், மருந்து கலக்குகிறவரும் டிரசர்தான், செத்துப்போனால் சீட்டு எழுதுகிறவரும் டிரசர்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அறுபத்தெட்டில் நம் தோட்டத்துக்கு வந்தார். அவர் பேசும் தமிழ் ஒரு வருடம் எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் தமிழ் அவருக்கு இரண்டு வருடம் புரியவில்லை.

எண்பத்து நாலாம் வருடம் மார்ச் மாதம். இந்த டாக்டர் ரமணி அம்மா அப்போது புது டாக்டர். ஒரு வேனில் பெட்டி பெட்டியாகக் குப்பிகளோடு வந்து இறங்கினார். எஸ்டேட் தமிழர்களுக்கு ஏன் இந்த இனிப்புநீர் வியாதி இவ்வளவு வருகிறது, யாருக்கு வருகிறது, எப்படித் தடுப்பது என்று பார்க்க வேண்டுமாம். அதற்குச் சனங்களின் ரத்தம் வேண்டுமாம். வெறும் வயிற்றில் வேண்டுமாம்.

டிரசர் தன் கையாலேயே நோட்டீஸ் எழுதி லயம் லயமாக ஒட்டினார். 'முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் வரவும்.' சனங்களும் வந்தார்கள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால், இருட்டோடு இருட்டாக, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கை நீட்டினார்கள். நான் நீட்டவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அம்மா காகிதக் கட்டோடு வந்தார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பாதித் தோட்டத்துக்கு இனிப்புநீர் என்று முடிவு வந்திருக்கிறது! பாதித் தோட்டம்! உலகத்திலேயே இப்படி எங்கேயும் கிடையாது என்று அம்மாவுக்கு மேலே இருந்த பேராசிரியர் துள்ளிக் குதித்தாராம். பெரிய மாநாட்டில் படிக்கப் போகிறோம் என்றாராம்.

டிரசர் அந்தக் காகிதத்தை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு மருந்து வாங்க வந்திருந்த காளியம்மாவைக் கூப்பிட்டார். அதோ, தூணோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாளே, அவளைத்தான். நானும் அப்போது வாசலில்தான் நின்றேன், இருமல் மருந்துக்கு.

"காளியம்மா, அண்டைக்கு ரத்தம் குடுக்க வரேக்க ஏதும் சாப்பிட்டனீரோ?"

"ஐயோ, இல்லீங்க ஐயா! மாரியாத்தா சத்தியமா பச்சத்தண்ணி கூட பல்லுல படல."

"கோப்பி?"

"கோப்பி குடிச்சேன். அது எப்புடிங்க சாப்பாடாகும்?"

"சீனி போட்டதோ?"

"மூணு கரண்டி போட்டு, டின்பாலும் ஊத்துனேன். பின்ன? வெறுங்கோப்பியக் குடிச்சிட்டு எவ மரத்துக்குப் போவா?"

டிரசர் காளியம்மாவோடு நிறுத்தவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் இருபது பேரை வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார். இருபது பேரும் சத்தியம் செய்தார்கள், சாப்பிடவில்லை என்று. இருபது பேரும் கோப்பி குடித்திருந்தார்கள். நீங்களே சொல்லுங்கள், விடியற்காலை நாலரை மணிக் கோப்பியை நம்மில் யாராவது சாப்பாடு என்று எண்ணியிருக்கிறோமா? முகம் கழுவுவது போல அதுவும் ஒன்று. அது வயிற்றுக்குள் போகிறது என்கிற நினைப்பே நமக்குக் கிடையாது!

மக்களே, இங்கேதான் கார்த்திகேசு யார் என்று தெரிகிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்திருந்தால் என்ன? யாருக்குத் தெரியும்? பேராசிரியருக்குப் பெயர், டாக்டர் அம்மாவுக்குப் பெயர், அவருக்கும் பெயர். ஆனால் அவர் நேரே டாக்டர் அம்மாவிடம் போனார்.

"டொக்டர், இது முழுக்கப் பிழை. எறிஞ்சு போடுங்கோ. நோட்டீஸ் எழுதினது நான். பதினாறு வருசம் இந்தச் சனத்தோட இருக்கிறன். இவை விடிய என்ன குடிப்பினம் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். பிழை என்ர."

டாக்டர் அம்மா தலையாட்டுகிறார், பாருங்கள். அன்று அழுதீர்களா இல்லையா அம்மா? அழுதார். இருநூற்றுப் பன்னிரண்டு குப்பியும் குப்பைக்குப் போயிற்று. பேராசிரியர், "அந்தத் தோட்டத்தை விட்டுத் தள்ளு, வேறு இடம் பார்" என்றுவிட்டார். டிரசர்தான் கோலாலம்பூருக்கே போய், ஒரே ஒரு முறை இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர் அறை வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அவர் சரி என்றார். இன்னொரு நாள் பெரட்டைத் தாமதப்படுத்த மானேஜர் ஒப்புக்கொள்ளவில்லை; பால்வெட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்று டிரசர் முடிவு செய்தார்.

ஆனால் சனங்கள்? யார் வருவார்கள்? "மொத தரம் எடுத்த ரத்தத்த வாய்க்கால்ல ஊத்திட்டாங்களாம். இப்ப மறுபடி வேணுமாம். டிரசரு நம்ம ரத்தத்த வித்துட்டாருடி" என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கோயில் முன்னால் பேச்சு, பால் நிறுக்கிற இடத்தில் பேச்சு, தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. யார் கிளப்பிவிட்ட பேச்சு என்று இன்றுவரை சிலர் தங்கராஜு மண்டோரைச் சந்தேகப்படுகிறீர்கள். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? கிளப்பிவிட்டவள் நான். இந்த மேடையில், அவருடைய படத்துக்கு முன்னால் நின்று ஒப்புக்கொள்கிறேன். நான்தான்.

ஏன் கிளப்பிவிட்டேன்? எழுபத்திரண்டாம் வருடம், என் வீட்டுக்காரர் செல்லமுத்துவுக்கு இடது காலில் ஒரு புண் வந்தது. முள் குத்திய புண்தான். டிரசர் ஊதா மருந்து பூசி வேலைக்கு அனுப்பினார். மறுபடி போனார், மறுபடி ஊதா மருந்து. மூன்று மாதம் பூசினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஆளும் போய்விட்டார். டிரசர் சாவு வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இருமல் மருந்து வாங்கப் போவேன், குப்பியை நீட்டுவேன், வாங்கிக்கொண்டு வருவேன். பத்து வருடம் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், கார்த்திகேசு என் வாசலுக்கு வந்தார். வியாதிக்காரர் இல்லாத வீட்டு வாசலில் ஒரு ஸ்டாப், உத்தியோகத்தில் இருப்பவர், வந்து நிற்பது நம் தோட்டத்தில் உண்டா? பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் கதவிடுக்கில் பார்க்கிறது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அமராவதி, நீர் சொன்னால் சனம் வரும். நீர் சொன்னால் சனம் வராது. எனக்குத் தெரியும்."

நான் கதவைச் சாத்தக் கை வைத்தேன்.

"அதுக்கு முன்னம் ஒண்டு சொல்லவேணும். உம்மட மனுசன்ர காலுக்கு மூண்டு மாசம் மருந்து பூசினன். ஆறாத புண் எண்டால் மூத்திரச் சலத்தைச் சோதிக்க வேணும். இனிப்பு இருக்கோ எண்டு பாக்க ஐஞ்சு நிமிசம் காணும். நான் பாக்கேல்லை. பாத்திருந்தால் கால் தப்பியிருக்கும். ஆளும் தப்பியிருக்கக்கூடும். பிழை என்ர."

எனக்கு அதுவரை தெரியாது, மக்களே! செல்லமுத்துவுக்கு இனிப்புநீர் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. ஏதோ அசட்டையாகப் பார்த்தார் என்கிற கோபம்தான் எனக்கு. பிழை இன்னது என்று எனக்குச் சொன்னவர் அந்தப் பிழையைச் செய்தவர்தான். சொல்லாமல் இருந்திருந்தால் செத்த பிறகும் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?" என்றேன். பத்து வருடத்தில் முதல் வார்த்தை அதுதான்.

"அதுக்குப் பிறகு ஆறாத புண்ணோட ஆர் வந்தாலும் சோதிக்கிறன். ஆனால் புண் வந்த பிறகு பாக்கிறது பிந்திப்போச்சு, அமராவதி. வரமுன்னம் பாக்கவேணும். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. என்னோட கோவிச்சுக்கொண்டு சனத்தின்ர காலை விட்டிடாதையும்."

நான் கதவைச் சாத்திவிட்டேன். ஆமாம், அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன். அன்று இரவு நான் சோறு உண்ணவில்லை. மறுநாள் பாலும் சரியாக வெட்டவில்லை. மரத்துக்குக் காயம் போட்டதற்கு இதே தங்கராஜு மண்டோர் என்னை ஏசினார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு கித்தான் சாக்கை எடுத்துக்கொண்டு முதல் வீட்டில் போய் நின்றேன்.

"காளியம்மா, கோப்பிக்குத் தண்ணி வைக்கிற கேத்தலக் குடு."

"எதுக்குக்கா?"

"நாளைக்கு டிரசருக்கு ரத்தம் குடுக்கப் போறோம். கேத்தல் வீட்டுல இருந்தா கை சும்மா இருக்காது உனக்கு. குடு."

"நீதானக்கா போவாதன்ன?"

"நேத்துச் சொன்னேன். இன்னிக்கு வேற சொல்றேன். குடுடி!"

எழுபத்து மூன்று வீடு. எழுபத்து மூன்று கேத்தல். நாலு சாக்கு நிறைந்தது. எல்லாவற்றையும் பிள்ளைகளைப் பார்க்கிற ஆயாக்கொட்டகையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தங்கராஜு மண்டோர் வீட்டில் மட்டும் ஒரு கேத்தலைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதையும் எடுத்தேன். சிரிக்காதீர்கள் தலைவரே, எடுத்தேனா இல்லையா?

மறுநாள் விடிந்தது. ஆத்தங்கரைத் தோட்டம் உண்டான நாளிலிருந்து அடுப்புப் புகையாத முதல் காலை அதுதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள்! கோப்பி இல்லாமல் தலைவலியோடு, என்னைத் திட்டிக்கொண்டே வந்து கை நீட்டினார்கள். ஒன்பது மணிக்கு ஆயாக்கொட்டகையைத் திறந்தபோது எந்தக் கேத்தல் யாருடையது என்று தெரியாமல் பெண்கள் போட்ட சண்டை புக்கிட் ரோத்தான் வரை கேட்டிருக்கும். காளியம்மாவின் கேத்தல் இன்னும் வேறு யார் வீட்டிலோதான் இருக்கிறது.

இந்த முறை பாதித் தோட்டம் இல்லை. முப்பத்தோரு பேர். அந்த முப்பத்தோரு பேரில் நாலு பேருக்குத்தான் தங்களுக்கு வியாதி இருப்பது முன்பே தெரியும். இதோ தலைமை வகிக்கிறாரே, இவர் அந்த முப்பத்தொன்றில் ஒருவர். தானே எல்லாரிடமும் சொல்கிறார், அதனால் நானும் சொல்கிறேன். இன்று இரண்டு காலில் நடந்து வந்து மாலை போட்டார் அல்லவா? யாரால்? யாரால், மக்களே?

கார்த்திகேசு ரத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. டாக்டர்களிடம் கறாராகச் சொன்னார், வியாதி என்று தெரிந்தவருக்கு மருந்து கொடுக்காமல் ரத்தம் மட்டும் கொண்டுபோவதானால் நாளை முதல் வரவேண்டாம் என்று. மாதம் ஒரு கிளினிக் அப்படித்தான் வந்தது. காகிதத்தில் யார் பெயரும் வரக்கூடாது, நம்பர் போதும் என்றார். மானேஜர், வியாதிக்காரர் பட்டியல் எங்கே என்று கேட்டார். எதற்குக் கேட்டார் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆளைக் குறைக்கிற நேரம் அது. டிரசர் கொடுக்கவில்லை. மூன்று முறை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று முறையும் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறிப் போகிற வாய்ப்பு வந்ததே, அது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சரோஜினி அம்மாளுக்குத் தெரியும்.

ஏன் ஒரே ஆட்களையே வருடா வருடம் குத்துகிறீர்கள் என்று ஒருநாள் நம் பையன்கள் கேட்டார்கள். "ஒரு மரத்தை ஒருநாள் பாத்தால் பால் எவ்வளவு எண்டுதான் தெரியும். அதே மரத்தை வருசா வருசம் பாத்தால்தான் எப்ப, ஏன் குறையுது எண்டு தெரியும்" என்றார். பால்வெட்டுக்காரனுக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

பிறகு ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டார்கள். வேலை குறைந்து சனங்கள் மூலைக்கு மூலையாகப் போனார்கள். கார்த்திகேசு விட்டாரா? பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வேலம்மாவின் மகள் அம்பாங் பெச்சாவில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஹோண்டா அவ்வளவு தூரம் தாங்காது என்று மூன்று பஸ் மாறி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய், ஒரே ஒரு குப்பி ரத்தத்தோடு திரும்பினார். "மீனாய்யா பெட்டியில?" என்று கண்டக்டர் கேட்டானாம். "மீனை விடப் பெறுமதியானது தம்பி, ஆட்டாமல் ஓட்டச் சொல்லும்" என்றாராம். ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலையை விடவில்லை. ஊருக்கெல்லாம் வருமுன் பார்த்தவர், தன் நெஞ்சில் வந்த வலியை மட்டும் வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்தே போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

இனி நான் நீட்டாத கையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்தையே கொண்டுவந்து நிறுத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் ரத்தம் கொடுக்கவில்லை. கடைசி ஆள் போன பிறகு டிரசர் என்னைப் பார்த்தார். "ஊரக் கொண்டாந்து நிப்பாட்டிட்டேன். என் கை உங்களுக்குக் கெடையாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "என்னோட கோவிக்கிறது சரி. உம்மட ரத்தம் என்ன பாவம் செய்தது?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடமும் கேட்டார். நானும் சனங்களைக் கூட்டி வருவேன், வரிசையில் நிறுத்துவேன், கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். நாலு வருடம்.

அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. செல்லமுத்துவின் காலுக்கு நான் மன்னிப்புக் கொடுக்க முடியாது. அது என்னுடையது அல்ல, என் வீட்டுக்காரருடையது. ஆனால் தன் பிழையைத் தானே வந்து சொன்ன வேறு ஒரு மனிதனை, துரையிலும் கணக்கெழுதும் கிராணியிலும் மண்டோரிலும் என் புருசனிலும், இந்த அறுபத்தாறு வயதில் நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் ஆரம்பித்த வேலை என் கோபத்தால் நின்றது என்று இருக்கக் கூடாது.

டாக்டர் அம்மா, எழுதிக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, காலை ஆறு மணிக்கு உங்கள் வரிசையில் முதல் ஆளாக அமராவதி நிற்பேன். கார்த்திகேசு தேடிப்போன ஊர்களுக்கெல்லாம் இனி நான் போவேன். எனக்கு ஹோண்டா ஓட்டத் தெரியாது. பஸ் ஏறத் தெரியும், வீடு வீடாகக் கதவு தட்டத் தெரியும். யார் வரவில்லை என்பதை மறக்காமல் இருக்கவும் தெரியும். அது உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறீர்கள்? அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள். வாயால் சொல்வது வேண்டாம், கையைத் தூக்குங்கள். காளியம்மா, நீ முதலில். தலைவரே, நீங்களும். கீழ் லயம் ஏன் இன்னும் யோசிக்கிறது? தூக்குங்கள்... அப்படித்தான். இன்னும் மேலே, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கையும் தெரியட்டும். யாரும் கீழே போட வேண்டாம். டாக்டர் அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறார்.